பாம்புக் குழியும் ரத்தக் கழுகும்: ரக்னர் கதையில் சறுக்கும் இடங்கள்

வைக்கிங் (ஸ்காண்டிநேவியக் கடல்கொள்ளைப் படையினர்) மன்னன் ரக்னர் லோத்புரோக்கின் சாவை எல்லோரும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். வட இங்கிலாந்தில் இருந்த நார்தம்பிரியாவின் மன்னன் ஏல்லா அவனைப் பாம்புக் குழியில் தள்ளிக் கொன்றான்; மகன் ஐவார் படையோடு வந்து ஏல்லாவின் முதுகில் ‘ரத்தக் கழுகு’ (கழுகு வடிவ வெட்டு) கீறிப் பழிவாங்கினான். இதில் அந்தக் காலத்துப் பதிவில் இருப்பது, வைக்கிங் படையிடம் ஏல்லா செத்தான் என்பது மட்டும்தான்.

ரக்னரை நிஜ மன்னனாக எழுதுவதிலேயே முதல் சறுக்கல். 845இல் ரெகின்ஹெரி என்றொரு தலைவன் பாரிஸைத் தாக்கினான். ‘வழுக்கை’ சார்லஸ் மன்னன் 7,000 பவுண்டு வெள்ளி கொடுத்து வைக்கிங்குகளை அனுப்பி வைத்தான். ரக்னர் கதை இந்த ரெகின்ஹெரியிடமிருந்து முளைத்திருக்கலாம். ஆனால் இவன் ஊர் திரும்பிய கையோடு நோய் வந்து செத்ததாகத்தான் அந்தக் காலக் குறிப்புகள் சொல்கின்றன.

சரி, பாம்பு? கண்ணாடி விரியனை நினைத்துக்கொண்டு அந்தக் குழியைக் கற்பனை செய்ய வேண்டாம். இங்கிலாந்து மண்ணுக்குரிய விஷப் பாம்பு ஒன்றே ஒன்று, ஆடர் என்கிற சின்ன விரியன். அது கடித்துச் சாகிறவர்கள் மிகவும் அபூர்வம். தவிர, பாம்புக் குழி பழைய நார்ஸ் (ஸ்காண்டிநேவிய மொழி) பாடல்களில் ஏற்கெனவே இருந்த காட்சி. அத்லி (ஹூணர் தலைவன் அட்டிலாதான்) தள்ளிவிட்ட குழியில் குன்னார் என்ற மன்னன் யாழ் வாசித்தபடி சாகிறான். அந்தச் சாவைத்தான் கதைசொல்லிகள் ரக்னருக்கும் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள் என்பது என் கணிப்பு.

பெரிய குழப்பம் ரத்தக் கழுகில். 867இல் வைக்கிங்குகளிடமிருந்து யார்க் நகரை மீட்கப் போன சண்டையில் ஏல்லாவும், அதுவரை அவனுக்குப் போட்டியாக இருந்த ஓஸ்பெர்ட்டும் அங்கேயே கொல்லப்பட்டார்கள் என்று ஆங்கிலோ-சாக்சன் வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. முதுகைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஒன்றரை நூற்றாண்டு தாண்டி சிக்வத் என்ற புலவர், ஐவார் ஏல்லாவின் முதுகில் கழுகை வெட்டினான் என்று பொருள்படும்படி ஒரு வரி பாடினார். அதே வரியை, கழுகு அவன் முதுகைக் கிழிக்கும்படி செய்தான், அதாவது கொன்று பிணந்தின்னிப் பறவைக்குப் போட்டான் என்றும் படிக்கலாம். 1984இல் ரோபெர்ட்டா ஃபிராங்க் என்ற ஆய்வாளர் இதைத்தான் வாதிட்டார். எனக்கும் அதுதான் பொருத்தமாகப் படுகிறது. போர்க்களத்தில் கழுகுக்கும் காக்கைக்கும் விருந்து வைப்பது அந்தப் புலவர்களுக்கு மாமூல் வர்ணனை.

அதற்கப்புறம் கதை ஊதிப் பெருத்தது. 1200 வாக்கில் சாக்சோ என்ற டென்மார்க் வரலாற்றாசிரியர், தன் நூலில், காயத்தில் உப்புத் தடவினார். பிறகு வந்த கதைகள் விலா எலும்புகளை முதுகெலும்பிலிருந்து வெட்டி, நுரையீரலையும் வெளியே இழுத்தன. கத்தாமல் தாங்கினால் வல்ஹாலா (போர்வீரர்களின் சொர்க்கம்) கிடைக்கும் என்பதோ வெறும் டிவி கதை. அதை வரலாறு என்று எழுதிவிடாதீர்கள். 2022இல் வெளிவந்த உடற்கூறு ஆய்வு ஒன்று, அக்கால ஆயுதங்களால் இதைச் செய்திருக்க முடியும் என்றது. ஆனால் பாதியிலேயே ஆள் செத்திருப்பான், மிச்சம் பிணத்துக்கு நடப்பதுதான்.

மொழிபெயர்ப்பும் காலை வாரும். ரக்னர் சாகும்போது பாடியதாகச் சொல்லப்படும் பாட்டில் ‘மண்டையோட்டின் வளைந்த கிளைகளில்’ குடிப்போம் என்று வரும். மாட்டுக் கொம்பைத்தான் அப்படிச் சுற்றி வளைத்துச் சொல்கிறது. 1636இல் வந்த லத்தீன் மொழிபெயர்ப்பு, கொன்றவர்களின் மண்டையோட்டில் குடிப்பதாக மாற்றிவிட்டது. அந்தக் கோப்பை இன்னும் உடையவில்லை.

நிஜமான தண்டனை எப்படி இருந்தது என்று எழுத நினைத்தால் தெற்கு இங்கிலாந்தில் வேமத் ஊருக்குப் பக்கத்து ரிட்ஜ்வே குன்றுக்குப் போகலாம். 2009இல் சாலை போடும்போது, தலை வெட்டப்பட்ட சுமார் 50 ஆண்களின் எலும்புகள் ஒரே குழியில் கிடைத்தன. காலம் 970க்கும் 1025க்கும் இடையில். பல் ஆய்வில் பலரும் ஸ்காண்டிநேவியாவில் வளர்ந்தவர்கள் என்று தெரிந்தது. பலருக்கு ஒரே வெட்டில் தலை விழவில்லை. சிலருக்குக் கையிலும் வெட்டு.