ஒட்டுண்ணி செத்ததா, சிவப்பணு உடைந்ததா?

மூலிகைச் சாற்றை மலேரியா ஒட்டுண்ணியின் மீது சோதிக்கிறோம். சிவப்பணுக்களில் ஒட்டுண்ணியை வளர்க்கும் பல குழிகள் கொண்ட ஆய்வகத் தட்டில், சாறு விட்ட குழியில் ஒரு ஒட்டுண்ணிகூட மிஞ்சவில்லை. மனம் துள்ளும் அந்த நேரத்தில்தான் நிதானம் வேண்டும்.

நுண்ணோக்கியிடம் போகும் முன் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். சிவப்பணுக்கள் அடியில் படிந்து, மேலே நீர் தெளிந்திருந்தால் நல்லது. குழி முழுவதும் ஒரே சிவப்பாகக் கலந்து நின்றால், அணுக்கள் உடைந்துவிட்டன. மலேரியா ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியம் சிவப்பணுவுக்குள் குடியிருக்கும் உயிரி. வீடு இடிந்தால் அதுவும் போகும். பூந்திக்கொட்டையையும் சீயக்காயையும் நுரைக்கச் செய்யும் சபோனின் பல மூலிகைகளில் உண்டு. சிவப்பணுவை உடைத்து ஒட்டுண்ணியை வெளியே எடுக்க ஆய்வகங்களில் சபோனினைத்தான் பயன்படுத்துகிறோம். அதையே மருந்து என்று எண்ணுவது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை. ஒட்டுண்ணி இல்லாத சிவப்பணுக்களிலும், வேறு மனித உயிரணுக்களிலும் அதே சாற்றைச் சோதித்தே ஆக வேண்டும். உயிரணுக்களைக் கொல்லத் தேவைப்படும் அளவு, ஒட்டுண்ணியைக் கொல்லும் அளவைப்போல் 10 மடங்காவது இருந்தால்தான் நம்பிக்கை வைக்கலாம்.

சாற்றைக் கரைக்கப் பயன்படும் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானும் அளவு மீறினால் ஒட்டுண்ணியைக் கொல்லும். குழியில் அது 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கரைப்பான் மட்டும் விட்ட குழியும், மலேரியா மருந்தான குளோரோகுயின் விட்ட குழியும் ஒவ்வொரு தட்டிலும் இருக்கட்டும். மில்லிலிட்டருக்கு 500 மைக்ரோகிராம் ஊற்றிவிட்டு 'வீரியமுள்ள மூலிகை' என்று எழுதுவதும் வேண்டாம். அந்த அளவில் எதுவும் எதையாவது கொல்லும்.

நல்ல மூலிகையை நாமே கெடுத்துவிடுவது எதிர்ப்பக்கத்துத் தவறு. கஷாயம் என்றால் கொதிக்க வைப்பதுதான் நம் பழக்கம். சீனாவில் மலேரியா மருந்து தேடிய ஆய்வாளர் து யூயூவின் குழுவினர் எடுத்த கிங்ஹாவ் செடியின் சாறு ஒருமுறை வேலை செய்தது, மறுமுறை கைவிட்டது. 4ஆம் நூற்றாண்டு மருத்துவர் கெ ஹோங், செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தாரே தவிர, காய்ச்சச் சொல்லவில்லை. சூடு மருந்தைக் கெடுக்கிறதோ என்று து யூயூவுக்குப் பொறி தட்டியது. 35 டிகிரியிலேயே கொதித்துவிடும் ஈதரைக் கொண்டு சாறு எடுத்தார். 1971 அக்டோபரில் அந்தச் சாறு எலிகளின் மலேரியாவை முழுமையாக அடக்கியது. 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. வெந்நீர்ச் சாறு தோற்றால் மூலிகையைக் கைவிடாதீர்கள். குளிர்ந்த முறையிலும் வேறு கரைப்பான்களிலும் எடுத்துப் பாருங்கள்.

அதே கிங்ஹாவ் இன்னொன்றையும் காட்டியது. அந்தப் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆர்ட்டிமீசியா இனங்கள் புழங்கின. மலேரியாவை அடக்கிய ஆர்ட்டிமிசினின் என்ற மருந்துப்பொருள் கிடைத்தது ஆர்ட்டிமீசியா அனுவாவில், அதுவும் இலையில். நம் ஊரிலும் கீழாநெல்லி என்ற பெயரில் பைலாந்தஸ் இனங்கள் பல கலந்து வருகின்றன. கடையில் வாங்கிய பொடியை வைத்து ஆய்வைத் தொடங்காதீர்கள். செடியைப் பறிக்கும் அன்றே பூவும் காயும் உள்ள கிளை ஒன்றை அழுத்தி உலர்த்தி, இடமும் நாளும் எழுதி, ஹெர்பேரியத்தில் (உலர்செடிக் காப்பகத்தில்) ஒப்படைத்து எண் வாங்கிவிடுங்கள். அந்த எண் இல்லாத சாற்றை நான் சோதனைக்கு எடுப்பதில்லை.