துப்பாக்கிக்கு ஏற்ற மசகு எண்ணெய்

துப்பாக்கிக்கு எண்ணெய் தேர்ந்தெடுக்கும்போது பலரும் விலையையோ பெயரையோ பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது, அது பயன்படும் இடத்தின் வெப்பநிலையும் தூசியும்தான். கடுங்குளிரில் கெட்டியான எண்ணெய் உறைந்ததுபோல் இறுகி, தோட்டாவின் பின்புறத்தைத் தட்டி வெடிக்கச் செய்யும் சுடுமுள்ளின் வேகத்தைக் குறைத்துவிடும் என்பதால், அங்கே குறைந்த பாகுத்தன்மை கொண்ட சிந்தெடிக் எண்ணெயே ஏற்றது. வெப்பமான சூழலில் மெல்லிய எண்ணெய் விரைவில் வழிந்தோடிவிடுவதால், அழுத்தத்துடன் உரசும் உலோகப் பரப்புகளுக்குச் சற்றுக் கெட்டியான எண்ணெயையோ மெல்லிய கிரீஸையோ இடலாம்.

தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் போன்ற சமையல் எண்ணெய்களை ஒருபோதும் பயன்படுத்த வேண்டாம். அவற்றில் பல காற்றுடன் வினைபுரிந்து நாளடைவில் பிசின்போல் ஒட்டிக்கொள்ளும். ஈரத்தை விரட்டுவதற்கென விற்கப்படும் தெளிப்பான்களும் முழுமையான மசகுக்கு ஈடாகமாட்டா.

நல்ல எண்ணெயைக்கூட அளவுக்கு மீறி ஊற்றினால் தூசியும் வெடிமருந்துக் கரியும் அதில் கலந்து, உலோகத்தைத் தேய்க்கும் பசையாக மாறிவிடும் என்பதை நான் மிகவும் வலியுறுத்த விரும்புகிறேன். ஒரு துளியைத் துணியால் பரப்பி, மெல்லிய படலமாக விட்டாலே போதும். மரக்கட்டைப் பகுதியில் எண்ணெய் ஊறினால் மரம் மென்மையாகிவிடும். தோட்டாக்களின் மீதும் எண்ணெய் படக்கூடாது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக, தோட்டாக்களை அகற்றி, துப்பாக்கிக்குள் தோட்டா அமரும் அறை காலியாக உள்ளதா என்பதை இருமுறை பார்த்துவிடுங்கள். சுடுவதற்கு முன் குழலின் உட்புறத்தில் உள்ள எண்ணெயை உலர்ந்த துணியால் துடைத்தெடுக்கவும் வேண்டும்.