ஊர் அரசுப் பள்ளிக்கு எல்கேஜி யூகேஜி கேட்டு வாங்குறது எப்படி, அதுவும் சாயங்காலம் வரைக்கும்

ஜூன் மாசம் பிறந்தா எங்க பக்கம் காலைல எட்டு மணிக்கெல்லாம் மஞ்ச வேன் வந்து மூணு வயசு பிள்ளைங்கள ஏத்திட்டு போயிடுது. அரசுப் பள்ளி அதே தெருவுல தான் இருக்கு, ஆனா அங்க ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து தான் சேர்க்கை. எல்கேஜிக்கு வேன் ஏறுன பிள்ளை ஒண்ணாங்கிளாஸுக்கு திரும்பி வர்றதே இல்ல, அப்புறம் அந்த ஸ்கூல்ல பிள்ளைங்க குறைஞ்சு போச்சுன்னு ஊரே கவலைப்படுது. அதனால இத மாத்தணும்னு நினைக்கிற அம்மா அப்பாக்களுக்கு, எங்க போய் என்ன கேக்கணும்னு எனக்கு தெரிஞ்சத எழுதுறேன்.

முதல்ல உங்க ஸ்கூல் எந்த கணக்குல வருதுன்னு பாருங்க. 2019 ஜனவரில தமிழ்நாடு அரசு, நடுநிலைப் பள்ளி வளாகத்துக்குள்ள இருந்த 2381 அங்கன்வாடில எல்கேஜி யூகேஜி ஆரம்பிச்சாங்க. அதுக்குன்னு புதுசா டீச்சர் எடுக்கல, உபரியா இருந்த இடைநிலை ஆசிரியர்கள அங்க அனுப்பினாங்க. 2022 ஜூன்ல அவங்கள திரும்ப ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் உள்ள வகுப்புக்கே கூப்பிட்டுக்கிறோம்னு அறிவிப்பு வந்துச்சு, பெத்தவங்க கிட்ட இருந்து பெரிய எதிர்ப்பு கிளம்பி கொஞ்ச நாள்லயே வகுப்பு தொடரும்னு அரசு சொல்லிடுச்சு. கேட்டா நடக்கும்ங்கிறதுக்கு இத விட சாட்சி வேணாம். உங்க ஸ்கூல் அந்த 2381ல ஒண்ணா இருந்து டீச்சர் இல்லாம கெடந்தா நீங்க கேக்க வேண்டியது டீச்சர். அந்த பட்டியல்லயே இல்லன்னா கேக்க வேண்டியது புது வகுப்பு. ரெண்டும் வேற வேற மனு, கலந்து எழுதினா ஆபீஸ்ல படிக்கிறவருக்கு என்ன செய்யணும்னே புரியாது. எச்.எம். கிட்ட கேட்டாலே சொல்லிடுவாங்க, சொல்லலன்னா பத்து ரூபா கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டி ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல ஒரு மனு போடுங்க, 30 நாள்ல பதில் தரணும். மாநகராட்சி பகுதில இருக்கவங்க மனுவுக்கு முன்னாடி பக்கத்து மாநகராட்சி ஸ்கூல்ல போய் விசாரிங்க, சென்னைல பல மாநகராட்சி பள்ளிகள்ல எல்கேஜி யூகேஜி ஏற்கனவே நடக்குது.

அடுத்து லிஸ்ட். இது தான் உங்க கையில இருக்குற பெரிய பலம், இது இல்லாம போனா "டிமாண்ட் இருக்கா"ன்னு ஒரே கேள்வில திருப்பி அனுப்பிடுவாங்க. ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரா வீடு வீடா போங்க. ஜூலை 31க்குள்ள மூணு வயசு முடியிற பிள்ளைங்க எல்கேஜி, நாலு முடியிறவங்க யூகேஜின்னு பிரிச்சு எழுதுங்க. பேரு, பிறந்த தேதி, இப்ப எங்க போகுது, வருஷத்துக்கு பீஸும் வேனும் சேர்த்து எவ்வளவு, இதெல்லாம் எல்லாரும் எழுதுறது தான். நான் சொல்றது இன்னும் ரெண்டு கட்டம் சேருங்க: அம்மா என்ன வேலைக்கு போறாங்க, எத்தன மணிக்கு வீடு திரும்புறாங்க. நூறு நாள் வேலை, கம்பெனி வேலை, களையெடுப்புன்னு போறவங்க யாரும் மதியம் பன்னெண்டு மணிக்கு வந்து பிள்ளைய கூட்டிட்டு போக முடியாது. அரை நாள் எல்கேஜி குடுத்தா அந்த பிள்ளைங்க வரவே வராது, ஒரு வருஷம் கழிச்சு "பாருங்க கூட்டமே இல்ல"ன்னு மூடிடுவாங்க. முழு நாள் ஏன் வேணும்ங்கிறத அந்த ரெண்டு கட்டமே சொல்லிடும், நீங்க வாயால வாதாட வேண்டியது இல்ல.

லிஸ்ட் எடுக்க கிளம்புறதுக்கு முன்னாடியே அங்கன்வாடி அக்காவ போய் பாருங்க. நிறைய ஊர்ல இந்த இடத்துல தான் சறுக்குறாங்க. ஸ்கூல்ல எல்கேஜி வந்தா எங்க பிள்ளைங்க போயிடும், சென்டரயே மூடிடுவாங்கன்னு அவங்களுக்கு பயம், அந்த பயம் நியாயமானது. 2019ல பண்ணதே அங்கன்வாடிக்குள்ள தான்னு எடுத்து சொல்லுங்க. பிள்ளைங்க பேரு அவங்க ரெஜிஸ்டர்லயே இருக்கும், மதிய சாப்பாடும் முட்டையும் அங்க இருந்தே வரும், டீச்சர் மட்டும் ஸ்கூல் பக்கம் இருந்து வரணும், நாங்க கேக்குறது அது தான்னு தெளிவா பேசுங்க. அவங்க கிட்ட ஏரியா பிள்ளைங்க கணக்கு மொத்தமும் இருக்கும், கூட வந்தாங்கன்னா உங்க லிஸ்ட் ஒரே நாள்ல முடிஞ்சிடும்.

அப்புறம் எஸ்எம்சி, அதாவது பள்ளி மேலாண்மைக் குழு. தலைவரா இருக்குறது ஒரு அம்மா தான், அவங்க கிட்ட முன்கூட்டியே சொல்லி அடுத்த கூட்டத்துல இத ஒரு பொருளா வைக்க சொல்லுங்க. தீர்மானம் சுத்தி வளைக்காம இருக்கணும், இப்படி எழுதலாம்: "எமது பள்ளி வளாகத்தில் / அருகில் உள்ள அங்கன்வாடி மையத்தில் 3 முதல் 5 வயது வரையுள்ள ___ குழந்தைகளுக்கு எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளை முழு நேரமாக நடத்தவும், அதற்கென ஓர் ஆசிரியரையும் ஓர் உதவியாளரையும் நியமிக்கவும் இக்குழு ஒருமனதாகக் கேட்டுக்கொள்கிறது." லிஸ்ட்ட பின்னாடி இணைங்க. சட்டத்த சொல்லணும்னா கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 11. ஆனா அதுல மூணு வயசுக்கு மேல உள்ள பிள்ளைங்களுக்கு அரசு ஏற்பாடு "செய்யலாம்"னு தான் இருக்கு, செஞ்சே ஆகணும்னு இல்ல, அதனால கோர்ட்டுக்கு போவோம்னு மிரட்டி பிரயோஜனம் இல்ல. அதே சட்டத்துல தனியார் ஸ்கூல் எல்கேஜில நலிஞ்ச பிரிவு பிள்ளைங்களுக்கு ஒதுக்குற 25 சதவீத இடத்துக்கு அரசே பீஸ் கட்டுது இல்லையா, எங்க பிள்ளைக்கு எங்க ஊர் ஸ்கூல்லயே அந்த வகுப்ப குடுங்கன்னு கேளுங்க, இதுக்கு அவங்களால சட்டுனு மறுத்து பேச முடியாது.

மனுவ ஒரு ஆபீஸ்ல மட்டும் குடுத்துட்டு வந்துடாதீங்க. ஸ்கூல் கல்வித்துறை கையில, அங்கன்வாடி சமூக நலத்துறை கையில. வட்டாரக் கல்வி அலுவலர் கிட்ட போனா அங்கன்வாடி எங்களது இல்லம்பாங்க, குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர் கிட்ட போனா டீச்சர் எங்களது இல்லம்பாங்க. நாங்க நாலு மாசம் இப்படி ரெண்டு படி ஏறி இறங்கினோம். ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல ஒரே மனு, "நகல்"னு கீழ மத்தவங்க பதவியையும் போட்டு குடுங்க, மூணாவது காப்பிய திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல குடுங்க, ரெண்டு துறையையும் ஒண்ணா உக்கார வச்சு கேக்க கலெக்டரால தான் முடியும். கிராமமா இருந்தா கிராம சபைலயும் தீர்மானம் போடுங்க, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 இந்த ஆறு நாள்ல எது முதல்ல வருதோ அதுல. இப்பல்லாம் மார்ச்லயே சேர்க்கை தொடங்கிடுறாங்க, அதனால ஜனவரி 26 கூட்டத்த விட்டுடாதீங்க.

முழு நாள்னா என்னன்னு கேக்குறவங்களுக்கு உங்க கிட்ட பதில் இருக்கணும். மூணு வயசு பிள்ளைய காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் உக்கார வச்சு ஏபிசிடி எழுத வைக்கிறது இல்ல, அப்படி பண்ணா பிள்ளை ரெண்டே வாரத்துல ஸ்கூல்னாலே அழும். காலைல பாட்டு, கதை, மண்ணுல விளையாட்டு, சாப்பாடு, அப்புறம் ஒரு மணி நேரமாவது தூக்கம், எழுந்ததும் கொஞ்சம் விளையாட்டு, அவ்வளவு தான் நாள். இதுக்கு பாய் வேணும், மின்விசிறி வேணும், பிள்ளைங்க உயரத்துக்கு கழிப்பறை வேணும், மாத்துத் துணி வைக்க ஒரு அலமாரி வேணும். எல்லாத்துக்கும் மேல ரெண்டாவது ஆள் வேணும். ஒரு பிள்ளைய டீச்சர் கழுவி விட கூட்டிட்டு போனா மீதி இருவத்தஞ்சு பேர யார் பாக்குறது? டீச்சர் சம்பளத்தையும் பேசுங்க, 2022க்கு அப்புறம் தற்காலிகமா எடுத்தவங்களுக்கு மாசம் 5000 ரூபா தான் வச்சாங்க, அந்த காசுக்கு படிச்ச பொண்ணு எத்தன நாள் நிப்பா, நடுவுல டீச்சர் மாறினா சின்ன பிள்ளைங்க ரொம்ப ஏங்கிப் போயிடும். காலை உணவுத் திட்டம் ஒண்ணுல இருந்து அஞ்சாங்கிளாஸ் வரைக்கும்னு தான் வச்சிருக்காங்க, அக்கா தட்டுல சாப்பிடுறத தம்பி பாத்துட்டு நிக்கிற மாதிரி ஆகிடக்கூடாது, எல்கேஜி பிள்ளைங்களையும் சேர்த்துக்கங்கன்னு தனியா ஒரு வரி எழுதுங்க.

ஆர்டர் வர்ற வரைக்கும் நாமளே ஒரு டீச்சர் போட்டு நடத்தலாமான்னு கேப்பீங்க. பல ஊர்ல முன்னாள் மாணவர்கள் காசு போட்டு நடத்துறாங்க, நல்லாவும் நடக்குது. ஆனா பெத்தவங்க கிட்ட மாசப் பீஸ் வசூல் பண்ணாதீங்க, அரசு ஸ்கூல்ல காசு வாங்குறாங்கன்னு ஒரு புகார் போனா எச்.எம். தலை தான் உருளும். நன்கொடைய எஸ்எம்சி கணக்குல போட்டு ரசீது குடுங்க, இது தற்காலிக ஏற்பாடுன்னு தீர்மானத்துலயே எழுதுங்க, இல்லன்னா "அதான் நடக்குதே"ன்னு உங்க மனுவ ஓரமா வச்சிடுவாங்க.

குடுத்த ஒவ்வொரு மனுவுக்கும் சீல் போட்ட ஒப்புகை வாங்கி ஒரே பைல்ல வைங்க. ஒரு மாசத்துல பதில் வரலன்னா அந்த ஒப்புகை நம்பர போட்டு, என் மனு மேல எந்த தேதில யார் என்ன நடவடிக்கை எடுத்தாங்கன்னு ரெண்டு ஆபீஸுக்கும் தனித்தனியா ஆர்டிஐ போடுங்க. எங்களுக்கு முதல் போன் வந்தது அதுக்கு அப்புறம் தான், "அம்மா, அந்த பிள்ளைங்க லிஸ்ட் இன்னொரு காப்பி கிடைக்குமா"ன்னு.