பருத்திக்குச் சொட்டுநீரிலேயே உரம் விடும் முறை

வரிசையில் யூரியாவைத் தூவித் தண்ணீர் கட்டினால், நிறைய உரம் வேருக்கு எட்டாமலே போய்விடும். சொட்டுநீர் போட்டிருப்பவர்கள் அந்தத் தண்ணீரோடு வாரம் கொஞ்சமாக விடலாம். வென்சுரி (ஓடும் தண்ணீரின் வேகத்தில் உரக்கரைசலை உறிஞ்சிக் குழாயில் சேர்க்கும் கருவி) வைத்து ஒரு ஏக்கருக்குச் செய்யும் முறை இது.

முதலில் கணக்கு. வீரிய ஒட்டுப் பருத்திக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு ஹெக்டேருக்கு 120:60:60 கிலோ தழை, மணி, சாம்பல் சத்து. ஏக்கருக்கு 48:24:24. மண் பரிசோதனை செய்திருந்தால் அந்த அட்டையில் உள்ளதே உங்கள் கணக்கு.

மணிச்சத்துக்கு 150 கிலோ சூப்பர் பாஸ்பேட்டை அடியுரமாகவே போட்டுவிடுங்கள். அது முழுசாகக் கரையாது, சொட்டுவானை அடைக்கும். தழைச்சத்துக்கான 104 கிலோ யூரியாவும் சாம்பல்சத்துக்கான 40 கிலோ பொட்டாஷும்தான் சொட்டுநீரில் போகும்.

விதைத்த 15ஆம் நாள் தொடங்கி வாரம் ஒன்றாக 10 தவணை. முதல் இரண்டுக்கும் தலா 6 கிலோ யூரியா, பிறகு தவணைக்கு பதினொன்றரைக் கிலோ. பொட்டாஷ், சப்பை (பூமொட்டு) பிடித்த பிறகுதான்: கடைசி ஐந்து தவணையில் 8 கிலோ வீதம். வெள்ளைப் பொட்டாஷாகக் கேட்டு வாங்குங்கள். சிவப்பில் வரும் கசடு ஃபில்டரையே அடைத்துவிடும்.

60 லிட்டருக்குக் குறையாத தண்ணீரில் பொட்டாஷை முதலில் கரையுங்கள். யூரியா விழுந்ததும் டிரம் ஜில்லிட்டு வெளியே வியர்க்கும், அந்தக் குளிரில் பொட்டாஷ் லேசில் கரையாது. கரைந்ததைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டிவிடுங்கள்.

பாசன நேரத்தை நாலாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் கால் பங்கு வெறும் தண்ணீர். அடுத்து வென்சுரியின் இரு வால்வையும் திறந்து, மெயின் வால்வை மெல்ல மூடிக்கொண்டே வாருங்கள். உறிஞ்சுகுழாயில் கரைசல் விறுவிறுவென்று ஏறும் இடத்தில் நிறுத்துங்கள். குழாயின் முனை டிரம்மின் அடியிலிருந்து நாலு விரல் மேலே இருக்கட்டும். நடுவிலுள்ள இரண்டு கால் பங்கு நேரத்துக்குள் கரைசல் முடிய வேண்டும்.

கடைசிக் கால் பங்கு மறுபடி வெறும் தண்ணீர். இதை ஒருநாளும் விடாதீர்கள். உரம் லேட்டரலில் (செடி வரிசையில் ஓடும் சொட்டுக்குழாயில்) தங்கினால் பாசி பிடிக்கும், உப்பு படியும். அதற்காக மணிக்கணக்கில் ஓட்டினால் யூரியா வேரைத் தாண்டிக் கீழே இறங்கிவிடும்.

கிணற்றுக்கும் வென்சுரிக்கும் நடுவே நான்ரிட்டர்ன் வால்வு கட்டாயம். அது இல்லாமல் கரண்ட் போனால் உரத்தண்ணீர் கிணற்றுக்கே திரும்பும். ஆடு மாடு குடிப்பது அந்தத் தண்ணீரைத்தானே!

செடி வெளிறியிருக்கிறதே என்று 90 நாளுக்குமேல் யூரியா விடாதீர்கள். இலை கொழுத்து, தத்துப்பூச்சியும் அசுவினியும்தான் ஏறும்.