உள்தொடை மெஷினில முதல் நாள் இருக்கப் போறவைக்கு

வெள்ளவத்தையில ஒரு ஜிம்மில சேர்ந்த முதல் கிழமையே எனக்கு கவட்டுக்குள்ள சதை இழுபட்டிட்டுது. பாரம் கூடிப்போய் இல்லை. எனக்கு முன்னம் இருந்தவர் கால் வைக்கிற பேட் ரெண்டையும் நல்லா அகட்டி செட் பண்ணிப்போட்டு அப்பிடியே விட்டிட்டு எழும்பிப் போயிட்டார், நான் அதைப் பாக்காமல் போய் இருந்து, காலை விரிச்சு வச்சு, ஒரே அமத்தா அமத்தினன், இடப்பக்கம் சுரீர் எண்டுது. பிறகு மூண்டு கிழமை 100 பஸ்ஸில ஏறேக்க கம்பியைப் பிடிச்சுத்தான் காலைத் தூக்கினன். அதாலதான் பாரத்துக்கு முதல் அகலத்தைப் பாருங்கோ எண்டு எல்லாருக்கும் சொல்லுறன்.

முதல்ல சரியான மெஷினா எண்டு பாருங்கோ. பேர் ரெண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும், அடக்டர், அப்டக்டர். பேட் முழங்காலுக்கு உள்பக்கம் வந்து நீங்கள் காலைக் கிட்டக் கொண்டுவாறதெண்டா அடக்டர், அதுதான் உள்தொடைக்கு. வெளிப்பக்கமா தள்ளுறது மற்றது, அது இடுப்பின்ட பக்கத்துக்கு. சில ஜிம்மில ஒரே மெஷின்தான், பேட்டைத் திருப்பிவிட்டா மற்றதாகும்.

உள்தொடையில முக்கியமா 5 தசை இருக்கு. எல்லாம் இடுப்பெலும்பின்ட கீழ்ப்பக்கத்தில தொடங்குது, 4 தொடையெலும்பில போய் ஒட்டுது, கிராசிலிஸ் எண்டது மட்டும் முழங்காலையும் தாண்டி கீழ்க்காலில ஒட்டுது. நாங்கள் ஒற்றைக் காலில நிக்கேக்க, படி ஏறேக்க, இடுப்பு ஆடாமல் பிடிக்கிறதில இதுகளுக்கும் பங்கிருக்கு. ஃபுட்போல் விளையாடுற பெடியளுக்கு கவட்டுக்குள்ள அடிக்கடி இழுபடுறதும் இந்தத் தசையளிலதான். தொடைக் கொழுப்பு கரையும் எண்டு நம்பி இதில இருக்கிறவை கனபேர், அப்பிடி ஒரு இடத்தில மட்டும் கரைக்க ஏலாது, தசை பலமாகும், கொழுப்பு குறையுறதெண்டா முழு உடம்பிலயும்தான் குறையும்.

இனி செய்முறைக்கு வருவம். 5 தொடக்கம் 10 நிமிசம் ட்ரெட்மில்லில நடவுங்கோ, இல்லாட்டி சைக்கிள். விறைச்ச தசையோட நேர போய் மெஷினில இருக்காதேங்கோ. ஒரு துவாயும் கொண்டு போங்கோ, கொழும்பு வெக்கைக்கு அந்த ரெக்சீன் கதிரையில வேர்வையோட இருந்தா வழுக்கும், வழுக்கினா நாரி முன்னுக்குப் போயிடும்.

அடுத்தது அகலம். கதிரைக்குப் பக்கத்தில அல்லது முன்னுக்கு ஒரு லீவர் இல்லாட்டி இழுக்கிற பின் (pin, சின்னக் கம்பி) இருக்கும், சிலதில நம்பரும் அடிச்சிருக்கும். காலை வைக்க முதல் அதை இழுத்து பேட் ரெண்டும் கிட்ட வாற மாதிரி விடுங்கோ, டக் எண்டு பூட்டின சத்தம் கேக்கோணும், கேட்டாலும் கையால ஒருக்கா ஆட்டிப் பாருங்கோ. பிறகு இருந்து, பின்ன சாய்ஞ்சு, நாரியும் முதுகும் கதிரையில ஒட்டினபடி காலை வச்சு, ஒவ்வொரு நம்பரா அகட்டுங்கோ. தொடைக்குள்ள இழுக்கிற மாதிரி லேசா தெரியுற இடம் வரும், அதில இருந்து ஒண்டு குறைச்சு நிப்பாட்டுங்கோ. பக்கத்து மெஷினில இருக்கிறவ எவ்வளவு விரிக்கிறா எண்டு பாக்காதேங்கோ, இடுப்பு மூட்டின்ட அமைப்பு ஆளுக்கு ஆள் வித்தியாசம்.

பாரம் முதல் நாள் ஆகக் குறைஞ்ச பிளேட், இல்லாட்டி ரெண்டாவது. பாரத்தைத் தெரிய பிளேட்டில செருகுற பின் முழுசா உள்ளுக்குப் போயிருக்கோ எண்டு பாருங்கோ. கிலோவோ ராத்தலோ எண்டும் பாருங்கோ, 10 எண்டு போட்டிருக்கிறது ராத்தலெண்டா நாலரைக் கிலோதான்.

இப்ப மூச்சை விட்டுக்கொண்டு காலைக் கிட்டக் கொண்டுவாங்கோ, 2 எண்ணுங்கோ. கிட்ட வந்தாப் பிறகு ஒரு செக்கன் பிடியுங்கோ. திரும்பி விரியேக்க மூச்சை உள்ள எடுத்து 3 எண்ணி ஆறுதலா விடுங்கோ. கனபேர் பிழை விடுறது இந்தத் திரும்பி விரியுற இடத்திலதான், அமத்துறதில இல்லை. காலை விட்டிட்டா பாரம் தன்ட பாட்டுக்கு இழுத்துக்கொண்டு போகும், தசை நீண்டு போய் நிக்கிற அந்த நேரத்திலதான் கிழியுறது. பிளேட் டமார் எண்டு விழுந்து சத்தம் கேட்டா நீங்கள் கெதியா விடுறீங்கள் எண்டு அர்த்தம். எங்கட இன்ஸ்ட்ரக்டர் அண்ணா பக்கத்தில நிண்டு "ஹெமின், ஹெமின்" (மெதுவா, மெதுவா) எண்டு சிங்களத்தில சொல்லிக்கொண்டே இருப்பார், இப்பவும் விரியேக்க அதுதான் காதில கேக்கும்.

12 தரம் செய்து ஒரு நிமிசம், ஒன்றரை நிமிசம் ஆறி, திரும்ப ஒருக்கா. முதல் மாசத்துக்கு 2 செட் காணும், கிழமைக்கு 2 நாள், நடுவில 48 மணித்தியாலமாவது விடுங்கோ. முடிக்கேக்க இன்னும் 3, 4 தரம் செய்ய ஏலும் போல இருக்கோணும். ரெண்டு முறை தொடர்ந்து 15 தரம் வடிவா வந்தா ஒரு பிளேட் கூட்டி 10க்கு இறங்குங்கோ.

பொம்பிளையளுக்கு ஒண்டு சொல்லோணும். இந்த மெஷினில இருக்கிறதே கூச்சமா இருக்கும், அதுவும் ஹோலைப் பாத்தபடி வச்சிருந்தா. கூச்சத்தில கெதி கெதியா செய்துபோட்டு எழும்புறதுதான் ஆபத்து. லேடீஸ் டைம் இருந்தா அதில போங்கோ, இல்லாட்டி ஆக்கள் குறைஞ்ச நேரம் பாத்துப் போய் ஆறுதலா செய்யுங்கோ. அதுவும் சரிவராட்டி கேபிள் இருக்கு, கீழ்க் கப்பியில கணுக்கால் பட்டியைக் கொழுவி, மெஷினுக்குப் பக்கவாட்டா நிண்டு, கம்பியைப் பிடிச்சுக்கொண்டு, மெஷின் பக்கத்துக் காலை மற்றக் காலுக்கு முன்னால கொண்டுவாறது. அதே தசைதான்.

அடுத்த நாள் ரெண்டு தொடையிலயும் மந்தமா நோகும், ரெண்டு மூண்டு நாளில போயிடும், அது வழமை. ஒரு பக்கம் மட்டும், எலும்புக்குக் கிட்ட, ஊசி குத்துற மாதிரி நொந்தா உடனே நிப்பாட்டுங்கோ. டப் எண்டு சத்தம் கேட்டாலோ நீலம் பாஞ்சாலோ டொக்டரிட்டப் போங்கோ. ஹேர்னியா இருக்கிறவை, பிள்ளை வயித்தில இருக்கிறவை, இடுப்பு மூட்டு ஒப்பரேசன் செய்தவை டொக்டரைக் கேக்காமல் இதில இருக்கவே வேண்டாம்.

இறங்கேக்க பாரத்தோட காலை வெளிய எடுக்காதேங்கோ, முதல் லீவரை இழுத்து பேட்டைக் கிட்டக் கொண்டுவந்துதான் எடுக்கோணும். பின்னை மேல் பிளேட்டுக்கு மாத்தி, கதிரையைத் துடைச்சு, பேட் ரெண்டையும் அப்பிடியே கிட்ட விட்டிட்டு வாங்கோ, அடுத்ததா வந்து இருக்கப் போற பிள்ளைக்கும் அண்டைக்கு முதல் நாளா இருக்கலாம்.