ஏரிக்கரைப் பூவில் அமர்ந்திருப்பது தேனீயா, மலர் ஈயா? அடையாளம் காணும் முறை

காலை வெயில் ஏறும் நேரத்தில் ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் பூத்திருக்கும் வெட்டுக்காயப் பூண்டை நாடி வரும் 'தேனீக்களில்' சில, உண்மையில் எரிஸ்டாலினஸ் பேரினத்தைச் சேர்ந்த, கொடுக்கே இல்லாத மலர் ஈக்களாக இருக்கும். இவற்றைப் பிரித்தறிய விரும்புவோர் முதலில் வயிற்றிலுள்ள மஞ்சள், கறுப்புப் பட்டைகளைக் கணக்கில் கொள்ளாமல் விட வேண்டும். பூச்சியுண்ணும் பறவைகளை அஞ்ச வைக்கும் அந்த வேடம் நம்மையும் எளிதில் ஏமாற்றிவிடும்.

உங்கள் நிழல் பூவின்மேல் விழாதபடி மெல்ல நெருங்கி, தலையிலிருந்து பார்வையைத் தொடங்குங்கள். தேனீயின் உணர்கொம்புகள் நீண்டு நடுவில் மடிந்திருக்கும். மலர் ஈக்கோ அவை முகத்தோடு ஒட்டிய இரு சிறு முளைகளாகவே தெரியும். அடுத்து கண்கள். இந்தியாவில் பரவலாகக் காணப்படும் எரிஸ்டாலினஸ் அர்வோரம் என்ற இனத்தில், தலையின் பெரும்பகுதியை அடைத்திருக்கும் வெளிர்நிறக் கண்கள் மீது மை தெளித்தாற்போலக் கரும்புள்ளிகள் இறைந்திருக்கும். கைப்பேசியில் எடுத்த படத்தைப் பெரிதாக்கினாலே இப்புள்ளிகள் புலப்படும் என்பதால், தொடக்கநிலையினருக்கு இதைவிட நம்பகமான அடையாளம் வேறில்லை என்பது என் கருத்து. மார்பின் மேல் நீளவாக்கில் ஓடும் கருங்கோடுகளையும் உடன் பார்த்துக்கொள்ளலாம்.

ஈக்கு இரண்டு இறக்கைகள், தேனீக்கு நான்கு என்பது பாடநூல் விதி. ஆனால் தேனீயின் முன், பின் இறக்கைகள் கொக்கிகளால் இணைந்திருப்பதால் வெளியிடத்தில் இதை எண்ணிப் பார்ப்பது கடினம். அதைவிடப் பின்னங்காலைக் கவனிப்பது பயன்தரும்: மகரந்தத்தை உருண்டையாகத் திரட்டி வைத்திருந்தால் அது தேனீதான். மலர் ஈக்குக் கூடுமில்லை, ஊட்டி வளர்க்க வேண்டிய குஞ்சுகளுமில்லை. தன் பசிக்கு உண்ணும்போது உடல் மயிரில் ஒட்டும் தூளையே பூவுக்குப் பூ கொண்டு செல்கிறது. கொத்தமல்லியும் மாவும் பூக்கும் காலத்தில் அவற்றில் இவ்வீக்களைத் தேடிப் பார்க்கலாம்.

இளம்பருவத்தைக் காண, மாடுகள் இறங்கும் குட்டையின் ஓரத்தில் இலைகள் அழுகிக் கிடக்கும் சேற்றுநீரை நோக்க வேண்டும். அங்கே வாழும் எலிவால் புழு, உடலைப் போல் பல மடங்கு நீளக்கூடிய குழாயை நீர்மட்டத்துக்கு நீட்டி மூச்சுவிடும். இறந்த எருதின் உடலிலிருந்து தேனீக்கள் பிறக்கும் என்று பண்டைய கிரேக்கரும் ரோமானியரும் நம்பியதற்கு, அழுகலில் வளரும் இத்தகைய ஈயே காரணமாக இருந்திருக்கும் என்று ஆஸ்டன் சாக்கன் என்ற பூச்சியியலாளர் 1894இல் எழுதினார். இப்புழுவைத் தொட்டால் சோப்பிட்டுக் கை கழுவிவிட வேண்டும். வீட்டில் வாளி நீரில் வளர்த்துப் பார்க்கும் எண்ணம் நம் ஊர்களுக்கு ஏற்றதன்று. அதில் முதலில் குடியேறுவது கொசுவாகத்தான் இருக்கும். முதிர்ந்த புழு நீரை விட்டு வெளியேறி, கரையின் ஈரம் குறைந்த மண்ணிலோ சருகடியிலோ கூட்டுப்புழுவாகும் என்பதால், அதைத் தேடுவோர் நீரோரத்தை விட்டுச் சற்று மேலே சருகுகளை விலக்கிப் பார்த்துவிட்டு, மீண்டும் அப்படியே மூடி வைக்கவும்.