சாவி போட்டதும் எரியாத சிவப்பு விளக்கு

என் பழைய கார்புரேட்டர் கார் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தது. பேட்டரி புதுசு, பெல்ட்டும் இறுக்கம். எஞ்சின் ஓடும்போதும் மல்டிமீட்டரில் 12.3 வோல்ட்தான், சார்ஜ் ஏறினால் 13.8க்கு மேல் இருக்க வேண்டும். பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரையே மாற்றச் சொன்னார் மெக்கானிக். ஆனால் ஆக்சிலேட்டரை நன்றாக மிதித்தால் சட்டென்று 14.1 வந்தது. அப்படியென்றால் ஆல்டர்னேட்டர் சாகவில்லை.

அப்புறம் பார்த்தால், சாவி போட்டதும் எரிய வேண்டிய சிவப்பு பேட்டரி விளக்கு எரியவே இல்லை. இந்த மாதிரி வண்டிகளில் ஆல்டர்னேட்டருக்குள் சுழலும் மின்காந்தமான ரோட்டருக்கு முதல் மின்சாரம் அந்த பல்பு வழியாகத்தான் போகும். அது போய்விட்டால், ரோட்டரில் மிச்சமிருக்கும் காந்தத்தை நம்பி வேகம் கூடும்வரை காத்திருக்க வேண்டியதுதான். டவுன் டிராஃபிக்கில் அந்த வேகம் எங்கே வருகிறது?

மீட்டர் போர்டைக் கழற்றி அதே வாட் பல்பு போட்டேன். எல்.இ.டி. வேண்டாம், போதிய மின்சாரம் பாயாது. இப்போது ஆக்சிலேட்டரை மிதிக்காமல், ஐடிலிலேயே 14 காட்டுகிறது.